பாண்டு போட்ட டாக்டருக்குச் சில குறிப்புகள்

கோவை மருத்துவக் கல்லூரியில் பி.ஜி. முடிக்கப் போகிறீர்கள். அரசாங்கச் செலவில் படித்ததற்கு, அது காட்டும் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கவலை வேண்டாம், மலையேறாமல் மீள வழி இருக்கிறது.

1. முதலில் கணக்குப் போடுங்கள். முன்பெல்லாம் இரண்டு வருடம், மீறினால் 40 லட்சம். 2023இல் அது ஒரு வருடம், 20 லட்சம் என்று இறங்கியது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ரேடியாலஜிக்கு ஒரு வருடக் கட்டணமே இதைத் தாண்டும். மில்லும் தோட்டமும் உள்ள வீடென்றால், "கட்டிப்போட்டு வந்துரு கண்ணு" என்று அப்பாவே சொல்லிவிடுவார்.

2. கட்ட மனமில்லையா? கவுன்சலிங்கில் சூலூர், பல்லடம், மேட்டுப்பாளையம் என்று டவுன்பஸ் போகும் ஊராகக் கேளுங்கள். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, தாளவாடிக்குத் திம்பத்தில் 27. தலைசுற்றலுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க உங்களுக்கா வழி தெரியாது?

3. ஆர்டர் வராவிட்டால் ஞாபகப்படுத்தாதீர்கள். வேலையும் தராமல் அசல் சான்றிதழையும் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று ஐகோர்ட் படியேறியவர்கள் உண்டு. மேலே டாக்டர் இல்லை, கீழே ஆர்டர் இல்லை என்றே உங்கள் காலம் கழிந்துவிடும்.

4. மலைக்குப் போய்த்தான் ஆகவேண்டுமென்றால் அங்கே ராத்தங்காதீர்கள். பிரசவ வலி நேரங்காலம் பார்த்து வருவதில்லை. மகப்பேறு டாக்டரும் மயக்க டாக்டரும் சேர்ந்து இருந்தால் தாளவாடியிலேயே சிசேரியன் முடிந்துவிடும். ஒருவர் இல்லையென்றாலும் 108 வண்டி திம்பம் இறங்கிச் சத்தியமங்கலம் போகவேண்டும், இல்லாவிட்டால் எல்லை தாண்டிச் சாம்ராஜ்நகர். அப்படி ஒரு கேஸை நீங்கள் பார்த்துவிட்டால் போச்சு. அடுத்த வருடமும் இருப்பீர்களா என்று கன்னடம் கலந்த தமிழில் ஊரே கேட்க ஆரம்பித்துவிடும்.

5. ஒரு கூட்டத்தோடு மட்டும் சேராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் வேலை பார்த்துவிட்டு, சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி. சேர்கிறவர்கள் அவர்கள். அரசுக் கல்லூரிகளில் மாநிலத்துக்குரிய பி.ஜி. இடங்களில் பாதி அவர்களுக்கு. அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. படித்து முடித்தால் ஓய்வுபெறும்வரை அரசு வேலைதான். தாலுகா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் பூட்டிக் கிடக்காமல் இருப்பது, வருடத்துக்கு ஒருவராய் வந்துபோகிறவர்களால் அல்ல, இவர்களால்தான். படிப்புக்கு முன்பே ஊரைப் பார்த்துவிட்டவர்களுக்கு மேற்படி குறிப்புகள் எதுவும் பயன்படாது.