கவர்னரைக் கட்டிப்போடலாமா?

கே: ஆயில் இன்ஜினில் தண்ணீர் குறைவாக வருகிறது. கவர்னரைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினால் கூடுதலாக வருமா? (விவசாயி, தா.பழூர்)

ப: கொஞ்ச நாள் தண்ணீர் வரும். பிறகு இன்ஜினே வராது.

கவர்னருக்குள் இரண்டு எடைக்கட்டைகள், எதிரே ஒரு ஸ்பிரிங். வேகம் கூடினால் கட்டைகள் வெளிப்பக்கம் விரிந்து டீசலைக் குறைக்கும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்து டீசலைக் கூட்டும். ஓடும்போது பெல்ட் கழன்றால் சுமை சட்டென்று போய்விடும், இன்ஜின் பறக்கப் பார்க்கும். அந்த நொடியில் அதை அடக்குவது அந்தக் கட்டைகள்தான். அவற்றைக் கட்டிப்போட்டுவிட்டால், அளவுக்கு மீறிச் சுற்றும் ஃபிளைவீல் உடைந்து தெறிக்கலாம். பக்கத்தில் நிற்பது நீங்களோ, சாப்பாடு கொண்டுவந்த உங்கள் பிள்ளையோ! தண்ணீர் குறைந்தால் ஃபுட் வால்வைப் பாருங்கள், உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். கவர்னரை விட்டுவிடுங்கள்.

கே: கவர்னரைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட்தானே? (மாணவி, ஜெயங்கொண்டம்)

ப: நீராவி இன்ஜினில் 1788-இல் பொருத்தியவர் அவர். அதற்கு முன்பே காற்றாலை மாவு மில்களில் இது இருந்தது.

கே: எங்கள் இன்ஜின் சீராக ஓடாமல் ஏறி ஏறி இறங்குகிறதே? (மதனத்தூர்)

ப: கவர்னர் இணைப்பில் அழுக்கு இருக்கும், அல்லது பின் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அப்போது கருவி தாமதமாக விழித்துக்கொண்டு, வேண்டியதற்கு மேல் டீசலைக் குறைக்கும். மறுபடி வேண்டியதற்கு மேல் கூட்டும். இந்த ஊசலாட்டத்தைக் கணக்காக்கி 1868-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கட்டுரையே எழுதினார். உங்களுக்குக் கணக்கு வேண்டாம், துடைத்து எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கே: அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் பறக்கும் லாரிகளுக்குக் கவர்னர் கிடையாதா? (தா.பழூர்)

ப: உண்டு. 2015-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 118-இன்படி, போக்குவரத்து வாகனங்களுக்குப் பொதுவாக 80 கி.மீ. உச்சவரம்பு, டம்பர், டேங்கர், பள்ளி வாகனங்களுக்கு 60. ஆனால் கருவிக்குத் தெரிவது வேகம் மட்டும்தான். பள்ளிக்கூட வாசல் அதற்குத் தெரியாது. ஊருக்குள் 60 என்பதே கொடுமை; அங்கே பிரேக்கை மிதிக்க வேண்டியது ஓட்டுநரின் கால்.

கே: டீசலை மூடிய பிறகும் ஒரு இன்ஜின் நிற்காமல் அலறியது. கவர்னர் என்ன செய்தது? (மெக்கானிக், தா.பழூர்)

ப: அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டீசல்தான் அதன் கையில். இன்ஜின் தன் மசகெண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கிவிட்டால் காற்றை அடைப்பதே வழி: காற்று நுழையும் வாயில் தடித்த பலகையை அழுத்துங்கள். கையை வைக்காதீர்கள். துணியும் ஆகாது, உள்ளே இழுத்துவிடும். பலகையால் எட்ட முடியாத நிலை என்றால் எல்லோரையும் தள்ளிப்போகச் சொல்லுங்கள். நின்ற பிறகு பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, ஆயில் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.