பூமிக்கு நேராக

எண்பதுகளில் கோவை கணபதியில் நான் தொழில் பழகிய பட்டறையில் டார்க் ரெஞ்சு கிடையாது. மேஸ்திரியின் மணிக்கட்டுதான் இருந்தது. இப்போது அதே பட்டறைக்கு அவர் பேரன் முதலாளி. டார்க் ரெஞ்சு வாங்கிவிட்டார். சான்றிதழோடு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பிளக் மாட்டுவதென்னவோ ஏர் கன்னில்தான்.

அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் ஸ்பார்க் பிளக்குக்கு 25, 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். மேஸ்திரிக்கு அந்த எண் தெரியாது. “மொத மூணு சுத்து வெரல்ல போகோணும். போகலீன்னா கழட்டு” என்பார். அதற்குமுன் ஸ்பேனரைத் தொட்டவன் மண்டையில் குட்டு விழும்.

அதனால் அன்றைக்கு யாருக்கும் மரை போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தாராளமாகப் போயிற்று. எஃகு பிளக்கைச் சாய்த்து ஏற்றினால் அலுமினியம்தானே விட்டுக்கொடுக்கும்? ஒயரிலிருந்து செம்பு இழையை உருவி ஓட்டைக்குள் விட்டு, அதன்மேல் பிளக்கை இறுக்கி, “ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது” என்று அனுப்பிய கடைகள் உண்டு. நாங்கள் கேலி செய்வோம். பிற்பாடு ஹெலிகாயில் எங்கள் தெருவுக்கு வந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்பிச் சுருள்! செம்புக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அவ்வளவுதான் என்று செம்பு இழைக்காரர்களுக்கு ஒரே பெருமை.

அவ்வளவுதான் இல்லை. சுருளை வைக்குமுன் ஓட்டையைப் பெரிதாக்கி, அதே பிட்ச்சில் புது மரை போட வேண்டும். சாய்ந்து ஏறிய பிளக் ஒரு பக்கத்தைத்தான் அதிகம் தின்றிருக்கும். மரை வெட்டும் டேப்பும் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். ஒரு டிகிரி சாய்ந்தாலும் 19 மில்லிமீட்டர் ஆழம் போவதற்குள் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு விலகிவிடும்.

மேஸ்திரி ஹெட்டை டிரில்லிங் மெஷின் மேஜையில் வைத்து, பிளக் வாஷர் உட்காரும் முகத்தில் மூலைமட்டத்தை இரண்டு பக்கமாக வைத்துப் பார்ப்பார். மட்டம் தப்பினால் அடியில் சிகரெட் அட்டையைச் செருகுவார். மெஷினின் சக்கில் கூரான சென்டரை மாட்டி, டேப்பின் தலையிலுள்ள குழியில் லேசாக அழுத்திக்கொள்வார். மோட்டார் ஓடாது. கையால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுநடுவே மண்ணெண்ணெய். இதைப் பார்க்கவிடாமல் எங்களை டீ வாங்க அனுப்பிவிடுவார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜன்னல் வழியாகக் கற்ற தொழில் இது.

இப்போது ஒளிவுமறைவே இல்லை. எல்லாம் போனில் இருக்கிறது. போன மாதம் பட்டறைக்குப் போயிருந்தபோது பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்று வந்தது. பையன் ஹெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான். காலால் மிதித்துக்கொண்டான். பேட்டரி டிரில்லில் ஓட்டையைப் பெரிதாக்கி, டேப்பை நிறுத்தி, அதன்மேல் போனைச் சாய்த்து மட்டம் பார்த்தான். ஜீரோ டிகிரி. இந்தப் பக்கம் பார்த்தான், ஜீரோ. அந்தப் பக்கமும் ஜீரோ. எனக்கே புல்லரித்தது.

தரை, தண்ணீர் சர்வீஸுக்காகச் சாக்கடைப் பக்கம் வாட்டமாகப் போட்ட தரை. ஹெட் தரையோடு சாய்ந்திருந்தது. டேப் மட்டும் பூமிக்குச் செங்குத்தாக, அப்பழுக்கில்லாமல் இறங்கியது.

பிளக்கை மாட்டினால் வாஷர் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியது. வண்டியைக் கிளப்பியதும் மறுபக்கம் ‘புஸ் புஸ்’ என்றது.

“என்ன கண்ணு இது?” என்றேன்.

“போன்ல ஜீரோதானுங்க காட்டுச்சு” என்றான், போனைத் துடைத்தபடி.

முதலாளி வாதாடவில்லை. புது ஹெட்டுக்கு ஆர்டர் போட்டார். மூலைமட்டத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தபோது பார்த்ததாம்.

வண்டிக்காரர் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பார் என்றிருந்தேன். “உங்க காலத்துல அரை நாள் உக்கார வெச்சுருவீங்களே! பையன் பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டானுங்க. புது ஹெட்டையும் அவனே மாட்டட்டும்” என்றார். பையன் ஏர் கன்னை எடுத்துவரப் போனான்.