லாபம், ரெண்டு, மூணு: செவ்வாய்ப்பேட்டையில் பேறுபெறுவது எப்படி?

தானியம் அளக்கிறவர்கள் ஒன்று என்று எண்ணத் தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. அந்த எண்ணிக்கையில் வளர்ந்த சந்தைக்காரரிடம், ஏழைகளை வாழ்த்தித் தொடங்கும் ஒரு பட்டியலை நீட்டி, 'மெய்யான மகிழ்ச்சி இதில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லவேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. சேலம் செவ்வாய்ப்பேட்டை வாசிகளுக்காக எழுதியது. மற்ற பேட்டைக்காரர்கள் தங்கள் எடைக்கல்லுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம்.

முதலில் சரக்கைப் பார்த்துவிடுங்கள். மத்தேயு நற்செய்தி, 5ஆம் அதிகாரம், 3 முதல் 12 வரை. இயேசுவின் மலைப்பொழிவின் தொடக்கம். நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழாவன்று திருப்பலியில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுவது. பேறுகள் எட்டு. கடைசிப் பேற்றுக்கு மட்டும் வால் கொஞ்சம் நீளம்.

பட்டுவாடா எப்படி என்றுதானே அடுத்து கேட்பீர்கள்? நன்றாகக் கவனித்தால், எட்டில் இரண்டு மட்டும் ரொக்கம். மீதி ஆறும் பின்தேதி. ஆறுதல் கிடைக்கும், நிறைவு கிடைக்கும், இரக்கம் கிடைக்கும் என்று நடுவில் உள்ள ஆறும் வருங்காலத்தில் பேசுகின்றன. முதலாவதும் எட்டாவதும்தான் 'விண்ணரசு இப்போதே அவர்களுடையது' என்கின்றன. யாருக்கு இந்த ரொக்கம்? ஏழைக்கும், நீதிக்காக அடிபட்டவனுக்கும். சந்தையில் யாருக்கு ஒரு கிலோ பருப்புகூடக் கடனுக்குத் தர யோசிப்பார்களோ அவர்களுக்கு. இந்த வியாபாரத்தை வகுத்தவர் கல்லாவில் உட்கார்ந்தவர் இல்லை, தச்சுப்பட்டறைக்காரர் என்பது இதிலிருந்தே தெரிகிறது. எழுதிவைத்ததாக மரபு சொல்லும் மத்தேயு மட்டும் கல்லாவில் இருந்தவர்தான். ஆனால் அவரும் சுங்கச்சாவடியிலிருந்து பாதி வேலையில் எழுந்து போய்விட்டவர்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. இதே சரக்கு லூக்காவிலும், 6ஆம் அதிகாரத்தில், கிடைக்கிறது. மத்தேயுவில் இயேசு மலைமேல் ஏறி அமர்ந்து பேசுகிறார். லூக்காவில் கீழே இறங்கி சமவெளியில் நின்று பேசுகிறார். சேர்வராயன், ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை தெரிந்தாலும் நாம் பிழைப்பது கீழே சமவெளியில். ஆகவே நமக்கு லூக்கா தோதுப்படும் என்று நினைக்கலாம். நினைக்காதீர்கள். அங்கே பேறுகள் நான்குதான், கூடவே நான்கு கேடுகளும் உண்டு: செல்வருக்கு ஒன்று, வயிறு நிறைந்தவருக்கு ஒன்று, சிரிப்பவருக்கு ஒன்று. நான்காவதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் வழிகாட்டியை மூடிவிடுவீர்கள்.

முதல் படி ஏழ்மை. இதில் புகழ்பெற்ற குறுக்குவழி ஒன்று உண்டு. மத்தேயு 'உள்ளத்தில்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார். 'உள்ளத்தில் ஏழையாக இருந்தால் போதும்; கையில் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை' என்று அதைப் படித்துக்காட்டுவோர் உண்டு. அப்படிப் படிக்கிறவரிடம் கையில் உள்ளதைக் கொஞ்சம் நன்கொடை கேட்டுப் பாருங்கள், உள்ளம் எவ்வளவு ஏழை என்று தெரிந்துவிடும். லூக்காவில் அந்தச் சொல்லே கிடையாது. செல்வம், பதவி மரியாதை, புகழ், அதிகாரம், உடல்நலம், சிற்றின்பம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, மகிழ்ச்சி இதில் இல்லை, இதிலும் இல்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் தள்ளிவைத்துவிட்டார். அவர் தள்ளிய பட்டியலில் முதலில் நிற்பது செல்வம். லாபம் என்று எண்ணுகிற இடத்தில் அவர் கழித்தலைத் தொடங்குகிறார்.

இந்தப் படியை நம் ஊரில் யாராவது ஏறியிருக்கிறார்களா என்று கேட்பது நியாயம். பதிவான ஆள் ஒருவர் இருக்கிறார். 1623இல் இயேசு சபைத் துறவியான தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். காவி, மரக்கறி உணவு, தமிழ் என்று அவர் வாழ்ந்ததற்கு எதிராகச் சொந்தச் சபைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, அதே ஆண்டு தொடக்கத்தில்தான் ரோமில் சாதகமான தீர்ப்பு வெளியாகியிருந்தது. உலகத் திருச்சபையின் தலைமையே கையெழுத்துப் போட்டுவிட்டது. ஆனால் சேலத்தில் தங்க ஒரு திண்ணை கிடைக்கவில்லை. உடம்புக்கும் முடியாமல் போனது. அப்படிப்பட்டவரைத் தேடி வந்து சீடராகச் சேர்ந்தவர் திருமங்கல நாயக்கர். ஆளும் குடும்பத்தில் பிறந்து, ஆட்சி கைவிட்டுப் போய், சேலத்தில் இருந்தவர். 1625இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார்.

கவனியுங்கள்: திருமுழுக்கு பெற்றதும் ஆட்சி திரும்பிவந்தது என்று கதை முடியவில்லை. வந்திருந்தால் அது பேறு அல்ல, பேரம். ஆட்சி போன மனிதர், தங்க இடமில்லாத குருவிடம் என்ன எதிர்பார்த்து வந்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அரண்மனையைத் திரும்பப் பெற நினைத்தவர் சேனை உள்ளவரிடம் அல்லவா போயிருப்பார்! வியாபாரிக்கு இந்த இடத்தில் குழப்பம் வரும். குழப்பம் வந்தால் முதல் படியில் கால் வைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

இரண்டாவது துயருறுதல். இதற்குப் பயிற்சி தேவையில்லை, தானாக வரும். பக்கத்து வீட்டுக்கு வந்தால், துக்கம் விசாரிக்கப் போய் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள்.

மூன்றாவது கனிவு. கனிவுடையோருக்கு நிலம் உரிமையாகும் என்பது வாக்கு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் இதைக் காட்டாதீர்கள். வில்லங்கச் சான்று கேட்பார்கள்.

நான்காவதுதான் செவ்வாய்ப்பேட்டைக்கென்றே செய்தது போலிருக்கும்: நீதிக்குப் பசித்திருத்தல். இங்குள்ள லீ பஜாருக்கு மஞ்சள் ஏலத்துக்கு வரும் விவசாயியைப் பாருங்கள். விதைத்து, ஒன்பது பத்து மாதம் காத்து, தோண்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். அவரது ஓராண்டுக்கு விலை சொல்லச் சில நிமிடம் போதும். அந்தச் சில நிமிடத்தில் ஈரப்பதம் என்று ஒரு பிடித்தம், சாக்கு என்று ஒரு கழிவு. அவர் வயிற்றில் இருப்பது பசி. அது நீதிக்கான பசியும்தான், இரண்டையும் அவரால் தனித்தனியாகச் சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தப் பசி வரவேண்டுமானால் குறுக்குவழி கிடையாது. தராசின் இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து, ஒரு பருவம் அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும். முத்திரையிட்ட எடைக்கல் வைத்திருக்கிறேன் என்பது இதற்கு ஈடாகாது. அது சட்டம் கேட்பது; சட்டம் பசிப்பதில்லை.

ஐந்தாவது சந்தைக்காரருக்கு உடனே பிடிபடும். இரக்கத்துக்கு இரக்கம். கொடுத்த பொருளே திரும்பி வரும் ஒரே பேறு இதுதான். 'இது பரவாயில்லையே' என்று கையைத் தேய்த்துக்கொள்ளும் முன், இதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் எழுதிவைத்த கணக்கைப் பாருங்கள். ஒருவனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். அப்படியானால் தள்ளுபடியானது 6 கோடி நாள் கூலி, வசூலிக்கப் போனது 100 நாள் கூலி. உங்கள் பேரேட்டில் வராக்கடன் பக்கத்தைத் திறந்து, நூறு நாள் கூலிக்குக் குறைவான பெயர்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். அடிக்கச் சொல்லவில்லை, படிக்கத்தான் சொன்னேன். அவ்வளவுக்கே பலருக்குக் கண் வலிக்கும்.

ஆறாவது தூய்மையான உள்ளம். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை, வெள்ளியின் சுத்தத்தைக் கேட்கும் 'டச் எத்தனை?' என்ற ஒரு கேள்வி போதும். உருக்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் விடை தெரியும். வாங்க வந்த பாட்டிக்கு, பேத்தியின் காலில் போட்டால் சத்தம் வருமா என்பதுதான் தெரியும். அந்தப் பாட்டியிடம், அவர் கேட்காமலேயே, உள்ள டச்சைச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டிய ஒருவருக்குக் கடவுளைப் பார்ப்பதற்கான தகுதி வந்துவிட்டது. நகை விற்பனை குறையலாம்.

ஏழாவது, அமைதி ஏற்படுத்துதல். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்கு நடுவே போய் நில்லுங்கள். இருவரும் சேர்ந்து உங்களைத் திட்டத் தொடங்கினால் அவர்களுக்குள் ஒற்றுமை வந்துவிட்டது. எட்டாவது பேறு உங்களுக்குத் தனியாக, வண்டிக்கூலி இல்லாமல், வீட்டுக்கே வந்துவிடும்.

ஆனால் அந்த எட்டாவதில் ஒரு நிபந்தனை உண்டு, பலர் படிப்பதில்லை. திட்டு வாங்கினால் மட்டும் போதாது, நீதியின் பொருட்டு வாங்கவேண்டும். கலப்படத்துக்காக வாங்கிய திட்டு கணக்கில் சேராது. பொய்யாகச் சொல்லப்பட்ட பழியாக இருக்கவேண்டும் என்றும் மத்தேயு சேர்த்திருக்கிறார். சுங்கக்காரருக்கு இந்த வேறுபாடு தெரியாமலா இருக்கும்?

போப் பிரான்சிஸ் 2018இல் வெளியிட்ட ஊக்கவுரையில், இந்தப் பேறுகளைக் கிறிஸ்தவரின் அடையாள அட்டை போன்றவை என்றார். அடையாள அட்டையில் உள்ள படம் நம்மைப் போல இருப்பதில்லை என்பது ஆதார் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். ஜெயராக்கினி ஆலயத்தில் நவம்பர் 1 அன்று வாசகத்தைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது எனக்கும் படம் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் அட்டையைத் தொலைக்கவில்லை.

கடைசியில் சொல்வதாக ஒத்திவைத்த நான்காவது கேடு பாக்கி இருக்கிறது. எல்லோராலும் புகழப்படுகிறவருக்கு லூக்கா சொல்வது அது. லீ பஜார் முழுக்க உங்களைத் தங்கமான மனுஷன் என்று சொல்கிறதென்றால், வர்த்தகர்களிடம் விசாரிப்பதை நிறுத்துங்கள். மூட்டை தூக்குகிறவரிடமும், தரையில் சிந்தின மணியைக் கூட்டி எடுக்கிற அம்மாவிடமும் உங்கள் கடைப்பெயரை மட்டும் சொல்லி, ஆள் எப்படி என்று கேளுங்கள். அவர்கள் உங்களை அடையாளம் தெரிந்துகொள்ளாதபடி, வெள்ளை வேட்டியை மாற்றிக்கொண்டு போவது நல்லது.