ஒரே ஜன்னல் உத்தமர்

ஒரே ஜன்னல் உத்தமர் இல்லாத ஊர் கிடையாது. நாவலப்பிட்டியில் அவர் வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணக்கு எழுதுபவராக இருப்பார். இல்லாவிட்டால் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவராக இருப்பார். சில வேளை இரண்டுமாக, அதாவது இரண்டையும் செய்யாதவராக இருப்பார்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து யாராவது "வேலைக்கு நேரமே பத்தலைங்க" என்று சொல்லிவிட்டால் போதும், பிரசங்கம் தொடங்கிவிடும். "எல்லாத்துக்கும் காரணம் பிரவுசர்தாங்க. முகவரிப் பட்டைன்னு ஒண்ணு இருந்தா கை சும்மா இருக்குமா?" அதனால் ஒரு இணையத்தளத்துக்கு ஒரு ஜன்னல். முகவரிப் பட்டை கிடையாது, பக்கத்தில் தாவ வேறு டேப் கிடையாது. ஜிமெயில் ஜன்னலில் ஜிமெயில் மட்டுந்தான். மலையக ரயில் பாதையையே உதாரணம் காட்டுவார்: ஒற்றைத் தண்டவாளம், ஸ்டேசன் மாஸ்டர் தரும் டேப்லட் என்ற அனுமதித் தகடு கையில் இல்லாமல் ரயில் அடுத்த ஸ்டேசனுக்கு நகராது. 1874இல் இந்த ஊருக்கு ரயில் வந்ததே தன் கொள்கையை நிரூபிக்கத்தான் என்பதுபோல் இருக்கும் பேச்சு.

இந்தத் தனி ஜன்னலின் வம்ச வரலாறும் மனப்பாடம். மொசில்லா 2007இல் பிரிசம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மேக் கணினிக்காரருக்கு ஃப்ளூயிட் இருந்தது. 2011இல் பிரிசத்தை மொசில்லா கைவிட்டதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அந்த வருஷம் அவர் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சின்னப் பையன் என்பதைக் கேட்பவர் மறந்துவிட வேண்டும். இப்போது குரோமிலேயே அந்த வசதி இருக்கிறது. சில தட்டுத் தட்டினால் எந்தத் தளமும் தனி ஜன்னலாகிவிடும்.

வசதி நல்லதுதான், மறுக்கவில்லை. ஒரே ஒரு வேலை இருப்பவருக்கு அது உதவும். உத்தமருக்கோ மின்னஞ்சலுக்குள் இணைப்புகள் வருகின்றன. வெளி இணைப்பை அழுத்தினால் அது பழைய பிரவுசரில் போய்த் திறக்கும். அங்கேதான் முகவரிப் பட்டை காத்திருக்கிறதே! வரிப் படிவம் ஒன்றைத் திறக்கப் போனவர், 1996 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அரவிந்த டி சில்வா எடுத்த 107 ஓட்டங்களையும் பார்த்து முடித்துத்தான் திரும்பினார்.

அதற்கும் பரிகாரம் கண்டுபிடித்தார். தொந்தரவு செய்வது யூடியூப் என்றால், யூடியூபுக்கும் ஒரு தனி ஜன்னல். பேஸ்புக்குக்கு ஒன்று, கிரிக்கெட்டுக்கு ஒன்று. முன்பு தேடிப் போக வேண்டியிருந்தவையெல்லாம் இப்போது திரையடியில் வரிசையாக நின்று கூப்பிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான படம் தேடுவதிலேயே மாலை கழிந்துவிடும்.

"கணக்கு முடிஞ்சிச்சாப்பா?" என்று அம்மா கேட்பார்.

"எங்கம்மா, ஐக்கனே இன்னும் சரியா வரலியே!"

2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கமே அவருடைய கொள்கைக்கு வந்தது. ஊரடங்கோடு பேஸ்புக், யூடியூப், வட்ஸ்அப் எல்லாம் சுமார் 15 மணி நேரம் முடங்கின. கவனத்துக்கு அதைவிட நல்ல நாள் வருமா? அன்று காலையிலேயே தெருவுக்கெல்லாம் வீபிஎன் போட்டுக் கொடுத்தவர் நம் உத்தமர்தான்.

பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வாசலில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியை அண்மையில் பார்த்தாராம். போனில் வட்ஸ்அப் மட்டும் திறந்திருக்கிறது. டியூசன் நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். வேறு எதையும் தொடவில்லை. உத்தமர் உருகிவிட்டார்.

"தங்கச்சி, எந்த ஆப் போட்டிருக்கே? இப்படி ஒரு கவனம் வருதே!"

"ஆப் இல்லண்ணே. வட்ஸ்அப் பெக்கேஜ் மட்டுந்தான் போட்டேன். மத்ததுக்குக் காசில்ல."

அன்றைக்கே அவரும் அந்தப் பெக்கேஜைப் போட்டுக்கொண்டார். வீட்டு வைஃபையை அணைக்கத்தான் மறந்துவிட்டார்.