படி தாண்டாத சிறுநீரகம்

போன மாதம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கவிதை எழுதியதில்லை, தேர்தலில் நின்றதில்லை, கோயிலுக்கு உபயம் எதுவும் செய்ததில்லை. என் சாதனை இதுதான்: செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். நான்கு மணி நேரம் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை வரி விளம்பரம் வரை படிக்கிறேன். முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். எங்கள் வீதிச் சங்கத்து ஆண்டு விழாவில் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இப்படி ஒரு ஆத்துக்காரர் கிடைக்கக் கோடிப் புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்றார். பலத்த கைதட்டல். அந்தப் புண்ணியவதி முன் வரிசையில், டயாலிசிஸ் ஊசிக்காக ஃபிஸ்டுலா போட்ட இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோடிப் புண்ணியம் பண்ணினால் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போகும் என்று சபைக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

அந்த டயாலிசிஸ் கூடத்து வாசலில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள் உண்டு. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். லால்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, கணவரைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கி வரும் அம்மா ஒருவர். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வரும் இன்னொருவர். இவர்களுக்கு எந்தச் சங்கமும் ஒரு ஈரிழைத் துண்டுகூடப் போர்த்தியதில்லை. லால்குடி அம்மா ஒருநாள் என்னிடம், "நீங்க தெய்வம் சார். பொண்டாட்டிக்காக இங்க வந்து ஒக்காந்த ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார். "நீங்களும் ஆறு வருஷமா ஒக்காந்திருக்கீங்களேம்மா" என்றேன். "நான் எங்க சார் ஒக்காந்தேன்? சும்மா வந்திருக்கேன்" என்றார்.

எங்கள் ஊர் ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவு. இரண்டு பக்கமும் ஆறு. என் மனைவிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்தில் ஊரே காவிரியில் முங்கி எழும்போது, இவள் வீட்டில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டிருப்பாள். தாயனூரில் வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் மாவட்டத்தில் வாழைப்பழம் கூடாது. இளநீர் கூடாது. காய்கறியை நறுக்கி, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும். இதை நான் கற்றுக்கொண்டேன். "மாமா சமைக்கிறாராம்!" என்ற சேதி சித்திரை வீதியில் புறப்பட்டு அடையவளைஞ்சான் வரை போய்ச் சேர அரைநாள்கூட ஆகவில்லை. முப்பத்தைந்து வருடம் அவள் சமைத்தது மட்டும் யார் காதுக்கும் எட்டவில்லை.

மலைக்கோட்டைக் கதை உங்களுக்குத் தெரியும். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். ஆற்றில் வெள்ளம், தாயால் கரை தாண்டி வர முடியவில்லை. சிவனே அந்தத் தாயாக உருவெடுத்து வந்து மருத்துவம் பார்த்தார், அதனால் தாயுமானவர். 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அத்தனை மாதமும் திருவானைக்காவல் வழியாகப் பைபாஸ் ஏறி, சஞ்சீவி நகரைச் சுற்றிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனோம். எந்தத் தெய்வமும் தாயாகவோ ஆட்டோவாகவோ வரவில்லை. அரசுக் காப்பீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் முதலமைச்சர் காப்பீடு. மாதம் பத்தாயிரத்தைத் தாண்டிப் பென்ஷன் வாங்குவதால் நான் பணக்காரன்.

இதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒருவருக்கு இதே வியாதி வந்தது. மாற்று அறுவைதான் நல்லது என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே குடும்பம் கூடி முடிவெடுத்துவிட்டது. முடிவெடுக்க என்ன இருக்கிறது, மனைவி இருக்கிறாரே! "அவ ஒடம்பு இரும்பு" என்றார் மாமியார். அந்த இரும்பிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ரங்கநாயகித் தாயாருக்குப் படி தாண்டாப் பத்தினி என்று பெயர், சன்னதி வாசலைத் தாண்ட மாட்டாள். இந்த வீட்டுப் பெண் தன் காய்ச்சலுக்குக்கூடப் படி தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. ஆபரேஷன் தியேட்டர் படியை மட்டும் தாண்டலாம் என்று சாஸ்திரத்தில் விதிவிலக்கு இருக்கிறது போலும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த உறுப்பு மாற்று அறுவைகள் 36,640. அவற்றில் உறுப்பைப் பெற்ற ஆண்கள் 29,695 பேர். பெண்கள் 6,945 பேர். எவனோ வீதியில் சொன்ன கணக்கல்ல, அரசின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு வைத்திருக்கும் கணக்கு. 2019ஆம் ஆண்டின் தரவை ஆராய்ந்தவர்கள், உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள், பெரும்பாலும் மனைவி அல்லது தாய் என்று கண்டார்கள். பெண்களுக்குச் சிறுநீரகம் கெடுவதே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். யார் கொடுக்கலாம் என்பதில் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் 'கணவன் அல்லது மனைவி' என்று நடுநிலையாகத்தான் சொல்கிறது. 'அல்லது' என்ற சொல்லை நம் ஆண்கள் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. 2014ஆம் ஆண்டு விதிகளை எழுதியவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய சுயவிருப்பத்தை, உறுப்பைப் பெறுபவரைத் தவிர வேறொருவர் உறுதி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். வேறொருவர் யார்? பெரும்பாலும் மாமியார்.

மனைவியும் கிடைக்காதவனுக்கு நாடு வேறு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற கதை வெளியே வந்தது. அரசு விசாரித்தது. திருச்சியில் ஒன்றும் பெரம்பலூரில் ஒன்றுமாக இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தை நிறுத்தியது. அடுத்த மாதமே, உறுப்புக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று தேசிய அமைப்பு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதாவது, செத்தவன் கொடுக்கும் சிறுநீரகமாவது பெண்ணுக்குப் போகட்டும், உயிரோடிருக்கும் புருஷனை நம்பிப் பயனில்லை என்று அரசாங்கமே முடிவுக்கு வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு சுஜாதா ஆனார். அவர் வாங்கியது பெயரை மட்டும். எவ்வளவு நாகரிகமான மனிதர் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டிலும் மாநாடு நடந்தது, 2022 மாசியில். அவளுடைய தம்பி, தங்கை, ஒன்றுவிட்ட அக்கா, தம்பி மனைவி எல்லாரும் கூடத்தில். தங்கை கொடுக்கலாம், ஆனால் அவள் கணவர் சம்மதிக்க மாட்டார். அக்காவுக்கு பி.பி. தம்பி என்னைப் பார்த்து, "எனக்குச் சுகர் பார்டர்ல இருக்கு அத்திம்பேர்" என்றான். அவன் கை தன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது. யாரோ பெருமூச்சு விட்டு, "அம்மா இருந்திருந்தா குடுத்திருப்பா" என்றார்கள். எல்லாரும் ஆமோதித்தார்கள். செத்துப் பதினோரு வருடமான என் மாமியார் வரைக்கும் யோசித்தவர்களுக்கு, எதிர் நாற்காலியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த என் ஞாபகம் வரவில்லை. அப்போதே நான் ஓய்வு பெற்றவன். சம்பாதிக்கிற ஆம்பளை என்ற சாக்குகூட இல்லை. பென்ஷனுக்கு வருடா வருடம் ஆயுள் சான்றிதழ் கேட்கிறார்கள். உடம்பில் எத்தனை சிறுநீரகம் என்று கேட்பதில்லை.

பங்குனியில் நம்பெருமாள் உறையூர் போய்த் திரும்பும்போது தாயார் கதவைச் சாத்துவாள், வாழை மட்டையால் அடி விழும். ஊரே கூடி நின்று ரசிக்கும். நானும் வருடம் தவறாமல் ரசித்திருக்கிறேன். மாநாட்டன்று இவள் எந்தக் கதவையும் சாத்தவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டரிடம் ஒருமுறை, யாருக்கோ கேட்பதுபோல, "அறுபது வயசுக்காரர் குடுக்கலாமா சார்?" என்று கேட்டேன். "சோதனை பண்ணிப் பாப்போம். எல்லாம் நல்லா இருந்தா தாராளமா குடுக்கலாம்" என்றார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அவளுக்கு பி பாசிட்டிவ். எனக்கு ஓ பாசிட்டிவ், பொருந்தும். பொன்னாடையை அவள்தான் மடித்து பீரோவில் வைத்தாள். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்திரிகைக்கு எங்கள் வீட்டில் சந்தா அவள் பெயரில் இருக்கிறது.