துவக்கு வாங்கலாமா, மாமா?

சினிமாவில் வந்த ஸ்பாஸ்-12 என்ற இத்தாலிய சொட்கன் ஒன்று தெரிந்தவர் ஒருவரிடம் இருக்கிறதாம். அரிய பொருள் என்கிறார். எப்படியாவது இங்கே எடுத்தால் வயலில் பன்றி விரட்ட உதவுமா, மாமா?
*– இளம் விவசாயி, வெல்லாவெளி*

உதவாது, மருமகன். 1979 முதல் 2000 வரை பிராங்கி நிறுவனம் பொலிசையும் படையையும் மனதில் வைத்துச் செய்த துவக்கு அது. தோட்டா போடாமலே நாலு கிலோவுக்கு மேல் நிறை. படுவான்கரை வரம்பில் ஓர் இரவு சுமந்து பாருங்கள். பன்றி நெல்லைத் தின்னும், துவக்கு உங்கள் தோளைத் தின்னும். “எப்படியாவது” எடுத்தால் பொலிசின் முதல் குறி பன்றி அல்ல, நீங்கள்தான்.

பம்ப் முறையிலும் சுடலாம், அரைத் தானியங்கியாகவும் சுடலாம் என்கிறார்களே! ஒரு விலைக்கு இரண்டு துவக்கு இல்லையா?
*– வியாபாரி, காத்தான்குடி*

கணக்கு நல்லது, சரக்குத்தான் பிழை. கண்ணீர்ப்புகை, இறப்பர் போன்ற பலம் குறைந்த தோட்டாக்களால் உள்ளே இருக்கும் பொறியைத் தள்ள முடியாது. அதனால்தான் கையால் இழுத்துச் சுடும் முறையையும் சேர்த்தார்கள். கூட்டம் கலைக்கும் பொலிசுக்கு அது தேவை. நீங்கள் பன்றிக்குக் கண்ணீர்ப்புகை அடிக்கப் போகிறீர்களா?

பழைய சாமான் என்றால் உறுதி என்பார் எங்கள் அப்பா.
*– மாணவன், களுவாஞ்சிகுடி*

அப்பா கதவு நிலையைச் சொல்லியிருப்பார். இந்தத் துவக்கின் ஆரம்பகாலப் படைப்புகளில் பாதுகாப்பு நெம்பைத் திருப்பும்போதே வெடித்துவிடும் ஆபத்து இருந்தது. அந்த நெம்பை மாற்றச் சொல்லி அறிவிப்பே வந்தது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிவிட்டதால் தேய்ந்த பாகத்துக்கு மாற்றுப் பாகமும் சுலபத்தில் கிடைக்காது. இதற்குமேல் மட்டக்களப்பு வாவியின் உப்புக்காற்று வேறு. சேகரிப்பாளர் அதை எண்ணெய் பூசி அலுமாரியில் பூட்டுகிறார். நீங்கள் மழையில் பரணில் தொங்கவிடப் போகிறீர்கள். அரிய பொருளைப் பாவித்தால் அதன் விலை போகும், பாவிக்காவிட்டால் உங்கள் பயிர் போகும்.

டெர்மினேட்டர் படத்தில் அதை ஒரு கையால் சுடுகிறாரே?
*– திரைப்பட இரசிகர், ஏறாவூர்*

மடிக்கும் பிடியின் நுனியில் ஒரு கொக்கி உண்டு. அதை முன்கையில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் சுடலாம் என்பது திட்டம். 1984இல் ஒரு கையால் சுட்டது இயந்திர மனிதன். 1993இல் ஜுராசிக் பார்க்கில் அதே துவக்கோடு காட்டுக்குள் போன மனித வேட்டைக்காரரைப் பக்கவாட்டில் வந்த டைனோசர் கொண்டுபோனது. பன்றியும் நேரே வராது, மருமகன்.

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே வாங்கி, பிறகு ஊருக்குக் கொண்டுவரலாமா?
*– ஊர்ப் பற்றாளர், லண்டன்*

1987இல் ஹங்கர்போர்டில் நடந்த படுகொலைக்குப் பிறகு 1988இல் பிரித்தானியா சட்டத்தை இறுக்கியது. பம்ப் அல்லது அரைத் தானியங்கி சொட்கனின் குழல் 24 அங்குலத்துக்குக் குறைந்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். ஸ்பாஸின் வழக்கமான குழல் இருபத்தொன்றரை அங்குலம். உங்களுக்கும் சிறைக்கும் இடையில் இரண்டரை அங்குலம்தான். ஊர்ப்பற்று இருந்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு அனுப்புங்கள்.

12 போர் என்கிறார்களே, 12 எதைக் குறிக்கிறது?
*– பத்தாம் வகுப்பு மாணவி, செங்கலடி*

குழலுக்குள் சரியாக அடங்கும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டைச் சேர்த்தால் ஓர் இறாத்தல். விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். இலக்கம் கூடினால் குழல் சிறுக்கும். இருபது போர், பன்னிரண்டை விட ஒல்லி. கேள்வி கேட்டவர்களில் உருப்படியாகக் கேட்டது நீ ஒருத்திதான், மருமகள்.

சரி, சினிமாத் துவக்கு வேண்டாம். ஐம்பது ஏக்கர் வேளாண்மை செய்கிறேன். சட்டப்படி எனக்கு எந்தத் துவக்கு பொருந்தும்?
*– போடியார், பட்டிப்பளை*

இப்போதுதான் வழிக்கு வந்தோம். சாதாரண 12 போர் வேட்டைத் துவக்கு, ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல். திறந்து பார்த்தாலே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று தெரியும். சேறு பட்டால் துடைக்கலாம். கையாள ஆள் பழக்குவதும் சுலபம்.

ஆனால் துவக்குக்கு முன்பு கடதாசி. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று விண்ணப்பித்தால் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பிரதேச செயலகம், அரசாங்க அதிபர் என்று கடதாசி நடக்கும். கிடைத்த பிறகும் டிசம்பர் 31க்குள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் உங்கள் பெயரில் என்றால் சுடும் கையும் உங்களுடையது. “முல்லைக்காரனிடம் கொடுத்தேன்” என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

தூரமும் தெரிந்துகொள்ளுங்கள். சிறு சன்னம் முப்பத்தைந்து, நாற்பது மீற்றருக்கு அப்பால் சிதறிப் பலம் இழக்கும். ஐம்பது ஏக்கரை ஒரு துவக்கால் காப்பதென்றால் பன்றி உங்களைத் தேடி வர வேண்டும்.

சொட்கனால் யானையை விரட்டலாமா?
*– காவல்காரர், உன்னிச்சை*

கூடாது. இதில் விளையாட்டுப் பேச்சே இல்லை. யானையின் தோல் சில இடங்களில் இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பு. சன்னம் அதைக் கொல்லாது, உள்ளே தங்கிச் சீழ்கட்டும். நோவோடு திரியும் யானை அடுத்த வாரம் வேறொருவரின் குடிசைக்கு வரும். நீங்கள் பரணில் இருந்து சுட்ட கணக்கைச் சைக்கிளில் போகும் ஒரு தாய் தீர்ப்பாள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் யானைக்குக் காவல் நிற்கிறது. 2023இல் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. அதே ஆண்டில் 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையால் இறந்தார்கள். துவக்கும் பன்றிவெடியும் குறையாத நாட்டின் கணக்கு இது. சுட்டு முடிகிற காரியமாக இருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர் துவக்கால்தானே யானையை அடக்கினார்கள்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிரான்*

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். 2011இல் நாடு முழுக்க எண்ணியபோது 5,879 யானைகள். அடங்கியது யார், சேர்?

பன்றி வரும் வழியில் கட்டுத்துவக்கு வைத்தால் செலவும் குறைவு, நித்திரையும் கொள்ளலாம்.
*– பெயர் வேண்டாம், புல்லுமலை*

பெயர் போடத் துணியாத வேலையைச் செய்யாதீர்கள். கட்டிய நூலை இடறுவது பன்றியா, பால் மாடா, விறகுக்குப் போன பிள்ளையா என்று துவக்கு பார்க்காது. இன்றைக்கே கழற்றுங்கள்.

வீட்டில் ஒரு துவக்கு தொங்கினால் மாப்பிள்ளைக்குக் கெத்துத்தானே?
*– கலியாண வயதுக்காரர், வவுணதீவு*

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. நீங்கள் குடிபோவது மாமியார் கட்டிய வீட்டுக்கு. அவர் முதலில் கேட்பது உங்கள் உத்தியோகத்தை. துவக்கைக் கண்டால் அதையும் கேட்க மாட்டார்.

எனக்குச் சுடும் எண்ணமே இல்லை. பழைய ஆயுதம் சேர்ப்பது பொழுதுபோக்கு. அதற்காவது வாங்கலாமா?
*– வங்கி அலுவலர், மட்டக்களப்பு நகர்*

சட்டத்தின் கண்ணில் பொழுதுபோக்குத் துவக்கும் துவக்குத்தான். 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று அனுமதி பெற்றவர்களே தங்கள் துவக்குகளை வெலிசறைக் கடற்படை வளாகத்தில் ஒப்படைக்கச் சொல்லப்பட்டார்கள். தற்பாதுகாப்புக்கே அந்த நிலை என்றால் காட்சிக்கு யார் இரங்குவார்?

ஆசை தீர வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு நடவுங்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. பீரங்கிகள் வாவியைப் பார்த்தபடி கிடக்கின்றன. தொட்டுப் பார்க்கலாம், புதுப்பிக்கத் தேவையில்லை.

கணவர் துவக்கு வாங்கத் துடிக்கிறார். எனக்கு வெடிச் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். என்ன சொல்லித் தடுக்க?
*– இல்லத்தரசி, கொக்கட்டிச்சோலை*

எதுவும் சொல்ல வேண்டாம், மகள், அந்த நடுக்கத்தையே காட்டுங்கள். 1987இலும் 1991இலும் நடந்த படுகொலைகளில் உங்கள் பகுதி எத்தனை பேரைப் பறிகொடுத்தது என்று தெரிந்தவரிடம் நீங்கள் நியாயம் பேசத் தேவையில்லை. அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒருத்தி வீட்டில் இருக்கும்போது கூரைக்குக் கீழே தோட்டா வைக்கக் கூடாது. பன்றிக்கு வேறு வழி உண்டு. அவருக்கு வேறு மனைவி கிடையாது.

அப்படியென்றால் துவக்குக்கு ஒதுக்கிய காசை என்ன செய்வது? வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள்.
*– வட்டவிதானை, போரதீவுப்பற்று*

வட்டையில் உள்ள எல்லாரையும் கூட்டி மின்வேலி போடுங்கள். யானை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரோடு வேலை செய்பவர்களும் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்கிறார்கள்: வேலி காட்டின் நடுவே அல்ல, ஊரையும் வயலையும் சுற்றி நிற்க வேண்டும். அதைக் காப்பவர்கள் அங்கே பயிர் செய்பவர்களாக இருக்க வேண்டும். வயல் வேலியை விதைப்பில் கட்டி, வெட்டு முடிந்ததும் கழற்றி வைக்கலாம். 2020இல் அரசு அமைத்த குழுவுக்கு அவரையே தலைவராக்கித் தேசியத் திட்டமும் எழுத வைத்தார்கள். எழுதியதை நடத்தத்தான் ஆள் இல்லை. உங்கள் வட்டையில் நீங்கள் நடத்துங்கள்.

வேலிக்கு அடியில் புல் வெட்ட முறை வைத்து ஆள் போடுங்கள். புல் தொட்ட கம்பியில் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். அது உங்களுக்குத் தெரியவரும் முன்பே யானைக்குத் தெரிந்துவிடும்.