சதுப்பில் ஒரு மூத்த குடி

கேள்வி: குப்பைக் கிடங்கை இப்படித்தான் நடத்த வேண்டும் என்று விதி ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இல்லாமலா? 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பீர்கள். அன்றன்றைய குப்பையைக் குறைந்தது 10 செ.மீ. மண் போட்டு மூட வேண்டும் என்றன. கசிவுநீர் நிலத்தில் இறங்கக் கூடாது என்றன. கிடங்கு குளத்திலிருந்து 200 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றன. நம் சென்னையின் பெருங்குடிக் கிடங்கோ பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே கால் நீட்டிப் படுத்துவிட்டது. விதி பிறக்கும் முன்பே குடியேறிய மூத்தவர், யார் எழுப்புவது? 2022-ல் அந்தச் சதுப்புக்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் பட்டம் வேறு! பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையும் நடந்திருக்கிறது. பிரிக்கிற அந்த வேலையை வீட்டிலேயே முடிக்கச் சொல்லி மூன்று தொட்டி கேட்டன அதே 2016 விதிகள். உங்கள் வீட்டில் எத்தனை?